இதயச் செயலிழப்பும் ‘சாதாரண உழைப்பும்’

இதயச் செயலிழப்பு என்றதும் இதயம் நின்றுவிடுதல் என்றே பலர் பொருள் கொள்கின்றனர். இது சொல் தரும் மயக்கம். இதயம் நிற்பதில்லை, உடலின் தேவைக்கேற்ப இரத்தத்தைச் செலுத்தும் ஆற்றலையே இழக்கின்றது. மாரடைப்பைப் போலன்றி, பெரும்பாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஊர்ந்து வருவது இந்நோய்.

அதன் குறிகளுட் பெரும்பாலானவை தேக்கத்தின் விளைவுகளே. இதயத்தின் இடப்பக்கம் தளரும்பொழுது நுரையீரலில் இரத்தம் தேங்கி மூச்சு வாங்குகின்றது. முதலில் நடக்கையில், பின்னர் படுக்கையில். ஒரு தலையணை போதாது இரண்டு மூன்று வேண்டியிருத்தல், நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்தல் ஆகியன தெளிவான எச்சரிக்கைகள். இதனைத் தொடர்ந்து வலப்பக்கமும் தளரின் கணுக்கால் வீங்கும். விரலால் அழுத்தினாற் குழி விழுந்து சற்று நேரம் நிற்கும். சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் தேக்கிவைப்பதால் இரண்டு மூன்று நாளிலேயே உடல்நிறை 2 கிலோகிராம் ஏறக்கூடும். அது சதையன்று, நீர்.

1928 இல் நியூயோர்க் இதயச் சங்கம் வகுத்த நால்வகைப் பாகுபாடு, திருத்தங்களுடன், இன்றும் வழக்கிலுள்ளது. ‘சாதாரண’ உடலுழைப்பு களைப்பையோ மூச்சுவாங்கலையோ தருகின்றதா என்பதே அதன் அளவுகோல். ஆனால் யாருடைய சாதாரண உழைப்பு? மேசைமுன் அமர்ந்திருக்கும் எழுதுவினைஞரின் நாளும், கொழுந்தைச் சுமந்து மலைச்சரிவில் ஏறியிறங்கும் தோட்டத் தொழிலாளப் பெண்ணின் நாளும் ஒன்றல்ல. முன்னவரில் நோய் நெடுங்காலம் மறைந்திருக்கலாம். பின்னவரில் அது முந்தித் தென்படும். எனினும் முந்தி இனங்காணப்படுமென்பதில்லை. மூச்சு வாங்கல் ‘களைப்பு’ என்றும், கால்வீக்கம் ‘நாள் முழுக்க நின்றதால்’ என்றும், இரண்டும் சேர்ந்து ‘வயது’ என்றும் பெயர் பெற்றுவிடுகின்றன. உழைப்பின் கடுமையே நோய்க்குத் திரையாகின்றது. இதனை அறியாமையென்று நகைப்போர் (நம்மவரிலும் உளர்) கிளினிக்கிற் காத்திருக்கும் ஒரு நாள் எத்தனை வேளை உணவுக்குச் சமமென்று கணக்கிட்டறியாதோர்.

ஆகவே ஒருவர் தம்மைத் தம்மோடே ஒப்பிடுதல் வேண்டும். ஆறு மாதங்களுக்கு முன் நிற்காமல் ஏறிய மேட்டில் இன்று எத்தனை இடத்தில் நிற்க நேர்கின்றது? உயர் இரத்த அழுத்தமோ, முன்னர் மாரடைப்போ, சிறுவயதில் மூட்டுவாதக் காய்ச்சலோ கண்டவர் இக்கேள்வியைத் தள்ளிப்போடலாகாது. கால்வீக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. மூச்சுவாங்கலுடன் அது சேர்ந்து வரின் வைத்தியரிடம் காட்டவேண்டும். ஓய்விலேயே மூச்சுத் திணறினாலோ, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தாலோ, அன்றைய பேர் போனாலும் அக்கணமே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.