ஒவ்வொரு கட்டடமும் பாஸ், ஏரியா மட்டும் ஃபெயில்

ரயில் வந்தா ஊர் வளரும்னு சொல்வாங்க. எங்க மணியாச்சி விஷயத்துல அது நடக்கலை. தூத்துக்குடிப் பாதை பிரிகிற ஜங்ஷன், 1911 ஜூன் 17-ல் ஆஷ் சுடப்பட்ட இடம், பெயர் வரலாற்றுப் புத்தகத்திலேயே இருக்கு. ஆனா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தா இன்னைக்கும் கரிசக்காடுதான். அதனால ஸ்டேஷனைச் சுற்றித் திட்டமிட்டே நகரத்தை அடர்த்தியாகக் கட்டுவது பற்றிப் படிக்கத் தொடங்கியபோது ஆர்வம் கூடிப்போச்சு.

யோசனை எளிமையானது. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்துக்குள் வீடு, ஆபீஸ், கடை எல்லாம் நெருக்கமாக இருந்தால் கார் தேவைப்படாது, புகையும் குறையும். மத்திய அரசு 2017-ல் இதற்கென்று ஒரு தேசியக் கொள்கையே வெளியிட்டது. ஸ்டேஷனைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரை உள்ள வட்டம்தான் அதன் அடிப்படை அலகு.

அந்த ஒரு வட்டத்தில் விழும் மழையை மட்டும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 மீட்டர் ஆரம்னா பரப்பு சுமார் 78.5 ஹெக்டேர். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதில் விழுவது 7.85 கோடி லிட்டர். மண்ணாக இருந்தபோது அதில் 30 சதவீதம் வழிந்தோடியது, கான்கிரீட் ஆன பிறகு 80 சதவீதம் வழிந்தோடுது என்று வைத்துக்கொள்வோம் (இது என் அனுமானம், மண்ணைப் பொறுத்து மாறும்). கூடுதலாக ஓடும் தண்ணீர் 3.9 கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் 3,270 லாரி.

இப்போ அதையே ஒரு ஏக்கர் மனைக்குப் பாருங்க. கூடுதல் தண்ணீர் இரண்டு லட்சம் லிட்டர், அதாவது 17 லாரி. அந்த பில்டர் வந்து "என்னால என்ன சார் பெருசா ஆயிடும்?"னு கேட்டா அவர் சொல்றதும் நியாயம்தான். வடிகாலின் கொள்ளளவோ மாறுவதில்லை. முதல் நூறு கட்டடம் வரைக்கும் தெருவில் ஒண்ணும் தெரியாது. நூற்றியோராவது கட்டடம் வந்ததும் தண்ணி வீட்டுக்குள்ள வரும். அந்தக் கடைசிக் கட்டடமும் முதல் கட்டடம் அளவுக்குத்தான் தண்ணீர் விட்டது. எங்க தொழில்ல இதை அடிக்கடி பார்க்கலாம்: யூனிட் டெஸ்ட் எல்லாம் பச்சை, மொத்தமா சேர்த்து ஓட்டினா சர்வர் படுத்துடும்.

சட்டம் இதை எப்படிப் பார்க்குது? 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள கட்டடத்துக்குத்தான் முன் அனுமதி வேணும். 19,500-ல் நிறுத்திக்கிட்டா வேண்டாம். அப்படிப் பத்துக் கட்டடம் வரிசையா நின்றாலும் வேண்டாம். அதே அறிவிக்கையின் அட்டவணையில் ரயில் பாதையோ மெட்ரோவோ தனி இனமாக இல்லை. அதாவது, இத்தனை கட்டடங்களையும் இழுத்துவரப் போகிற மூல முடிவு மதிப்பீட்டுக்கு வெளியே நிற்குது, அதன் குட்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே வருது. விண்ணப்பப் படிவத்தில் 9.4 என்று ஒரு கேள்வி இருக்கத்தான் செய்யுது: பக்கத்தில் ஏற்கெனவே உள்ள, வரப்போகிற திட்டங்களோடு சேர்ந்து கூட்டு விளைவு உண்டா? அதுக்கு பதில் எழுதுவது விண்ணப்பிப்பவரே. பக்கத்து மனைக்காரர் அடுத்த வருஷம் என்ன கட்டுவார்னு அவருக்கு எப்படித் தெரியும்? அமெரிக்க விதிகள் 1978-லேயே கூட்டு விளைவுக்கு வரையறை எழுதின. கடந்தது, நடப்பது, வரும் என்று எதிர்பார்க்கக் கூடியது மூன்றையும் சேர்த்துக் கூட்டச் சொன்னது அந்த வரையறை.

சென்னைப் பறக்கும் ரயில் இதற்கு நல்ல பாடம். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், 1997-ல் மயிலாப்பூர், 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி. நிலம் கையகப்படுத்தும் தொல்லை குறைவு என்பதால் பாதையின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே போச்சு, பல இடத்தில் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. வேளச்சேரி ஸ்டேஷன் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் விளிம்பில். தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் இந்தச் சதுப்பில் வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக அதே பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்த்தான் கடலைத் தேடணும். 2015 டிசம்பர் 1-2-ல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியபோது வேளச்சேரியில் படகு விட்டாங்க. அவ்வளவு மழைக்கு எந்த ஊரும் தடுமாறும், ரயிலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனா சாலை, ஐடி கட்டடம், அடுக்குமாடி, குப்பைக் கிடங்கு, ரயில் என எல்லாம் தனித்தனிக் கோப்பில் அனுமதியாகி, ஒரே பள்ளத்தில் வந்து உட்கார்ந்தது.

இதுக்காக ஸ்டேஷன் பக்கத்தில் கட்டவே கூடாது என்று சொல்வது தப்பு. அதே ஜனங்கள் செங்கல்பட்டு வரைக்கும் பரவி வீடு கட்டினா இன்னும் பல மடங்கு நிலம் கான்கிரீட்டாகும், ஆளுக்கொரு வண்டியும் வரும். கூட்டிப் பார்க்கணும்னா அந்த லாபத்தையும் கூட்டித்தான் ஆகணும். எனக்குப் புரியாதது வேறொன்று: காரைக் குறைக்கத்தானே இந்த அடர்த்தி? அப்புறம் அதே கட்டடத்துக்கு இத்தனை கார் நிறுத்துமிடம் கட்டாயம்னு விதி எதுக்கு? அதுக்காகத் தோண்டுகிற அடித்தளம் நிலத்தடி நீரின் போக்கையும் மறிக்கும்.

கரிசல்காரங்களுக்கு இந்தக் கூட்டல் கணக்கு புதுசில்லை. கோடையில் வெடிச்ச மண் முதல் மழையைக் குடிச்சிடும். ஊறி உப்பின பிறகு கீழே லேசில் இறங்காது, மேலாகவே ஓடி ஓடை வழியாகக் கண்மாய்க்குப் போகும். ஓடையில் ஒருத்தர் வரப்பை ஒரு முழம் தள்ளினா கண்மாய்க்குத் தெரியாது, பத்துப் பேர் தள்ளினா தெரியும். அதனாலதான் ஊர்ப் பஞ்சாயத்தில் வரப்பைப் பற்றிப் பேசும்போது பெருசுங்க ஓடையின் தலையிலிருந்து பேச ஆரம்பிப்பாங்க.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். அதில் மாதவரம்–சிப்காட் பாதை பழைய மகாபலிபுரம் சாலை மேலேயே போய் ஒக்கியம் மடுவைக் கடக்குது. அங்கே ஒவ்வொரு ஸ்டேஷனைச் சுற்றியும் ஒரு வட்டம் வரையப் போறாங்க. கட்டடத் தளப்பரப்பை எவ்வளவு கூட்டலாம் என்பதை முடிவு செய்வதற்கு முன்னாடி, அத்தனை வட்டங்களின் தண்ணீரையும் மொத்தமாகக் கூட்டி, மடுவால் எவ்வளவு தாங்க முடியும் என்பதோடு ஒருதரம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதை பில்டரிடம் கேட்க முடியாது, திட்டம் போடுகிறவங்கதான் செய்யணும்.