கண்ணாடித் தொழில் – 11: கிறுக்கலும் கீறலும் அரிப்பும்

வேண்டுமென்றே பாழாக்கப்பட்ட கண்ணாடி இரண்டு வகைப்படும். ஒன்றில் கண்ணாடியின் மேல் ஏதோ படிந்திருக்கும்: ஸ்ப்ரே பெயின்ட், மார்க்கர் மை, ஸ்டிக்கர், முட்டை. மற்றொன்றில் கண்ணாடியே கொஞ்சம் குறைந்திருக்கும்: கல்லால் விழுந்த கீறல், அமிலம் தின்ற பள்ளம். முதல் வகையைக் கழுவிச் சுரண்டி எடுத்துவிடலாம். இரண்டாவது வகையில் எடுப்பதற்கு ஒன்றுமில்லை; சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்துப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையேல் கண்ணாடியை மாற்ற வேண்டும். எந்த வகை என்று பார்க்காமல் கருவியைக் கையில் எடுப்பவர், வந்த சேதத்தோடு புதிய சேதத்தையும் சேர்த்துவிடுவார்.

முதல் வகை ஒழிந்த இடத்தில் இரண்டாவது வகை தலைதூக்கியதற்கு நியூயார்க் சுரங்க ரயில் நல்ல உதாரணம். கிறுக்கிய பெட்டியைக் கழுவாமல் ஓட்டுவதில்லை என்ற திட்டம் அங்கு 1984-இல் தொடங்கியது. பெயின்ட் கிறுக்கல் மூடிய கடைசிப் பெட்டிகள் 1989 மே 12 அன்று ஓட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. அதன்பின் கிறுக்குபவர்களின் கவனம் ஜன்னல் கண்ணாடிக்குத் திரும்பியது. பித்தளைச் சாவி கண்ணாடியைக் கீறாது. மோஸ் கடினத்தன்மை அளவில் சாதாரணக் கண்ணாடி 5.5-க்கும் 6-க்கும் இடையில் நிற்கிறது. அதைவிடக் கடினமான பொருள்தான் அதில் தடம் பதிக்கும். உப்புத்தாளிலும் சாணைக்கல்லிலும் இருக்கும் சிலிக்கான் கார்பைடு 9-ஐத் தாண்டும். கீறலுக்குப் பின் அமிலமும் வந்து சேர்ந்தது.

கண்ணாடியை ஆராய்வது தண்ணீரில் தொடங்குகிறது. கறைமேல் தண்ணீர் தெளித்தால் பெயின்ட் அப்படியே தெரியும். அமிலம் தின்ற வெண்மையோ நனைந்ததும் மங்கி, காய்ந்ததும் திரும்பத் தெரியும். சொரசொரப்பான பள்ளங்களைத் தண்ணீர் நிரப்புவதே காரணம். எழுத்தின் கீழே ஒழுகிய தடங்கள் இருந்தால் அமிலம் என்ற சந்தேகம் வலுக்கும். கீறலின் குறுக்கே நகத்தை இழுத்துப் பார்த்து, அது மாட்டிக்கொண்டால் ஆழம் அதிகம். பிறகு சட்டத்தின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். ரப்பருக்குச் சற்று உள்ளே மெல்லிய கோடு ஓடினால் கண்ணாடியில் பிலிம் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் பிளேடு படக்கூடாது. கண்ட சேதத்தை எல்லாம் வேலைக்கு முன்பே படம் எடுத்து உரிமையாளரிடம் காட்டிவிட வேண்டும். பழைய கீறலுக்குத் துப்புரவாளர் பொறுப்பேற்க நேராமல் காப்பது அந்தப் படங்களே.

பெயின்ட்டை எடுக்க, சோப்புத் தண்ணீரால் கண்ணாடியை நன்றாக நனைத்து, புதிய பிளேடைச் சாய்வாக வைத்து முன்னோக்கி மட்டும் தள்ள வேண்டும். திரும்பும்போது பிளேடைத் தூக்கிவிட வேண்டும். பின்னால் இழுத்தால், அதன் அடியில் சிக்கிய மணல் துகள் நீளமாகக் கோடு போடும். துருப்பிடித்த பிளேடும் அப்படியே. டஃபன்டு கண்ணாடியில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அது 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கப்பட்டு, சட்டென்று காற்றால் குளிர்விக்கப்படுவது. தயாரிப்பின்போது சரியாகக் கழுவப்படாத கண்ணாடித் தூள் அந்தச் சூட்டில் பரப்போடு ஒட்டிப்போயிருக்கும். பிளேடு அதைப் பெயர்த்து இழுத்துச் சென்றால் முழுக் கண்ணாடியிலும் கோடுகள் விழும். தள்ளும்போது நறநறவென்று கேட்டால் உடனே நிறுத்திவிட்டு, அசிட்டோன் போன்ற கரைப்பானால் துணிகொண்டு துடைக்க வேண்டும். பாலிகார்பனேட், அக்ரிலிக் தகடுகளை அசிட்டோன் கெடுத்துவிடும். எனவே துடைக்கப்போவது கண்ணாடிதானா என்பதை முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும். முட்டைக்கு வெந்நீர் ஆகாது. சூட்டில் புரதம் இறுகி இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

அமிலக் கிறுக்கலில் கண்ணாடியைவிட ஆளைக் காப்பது முக்கியம். கந்தக அமிலமும் உப்பு அமிலமும் சாதாரணமாகக் கண்ணாடியை அரிப்பதில்லை. அதிலுள்ள சிலிக்காவைத் தின்பவை ஃபுளோரைடு கலவைகள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும், கண்ணாடியில் சித்திரம் பொறிக்க விற்கப்படும் பசைகளில் உள்ள அம்மோனியம் பைஃபுளோரைடும் இவற்றில் சேர்ந்தவை. இவை தோலுக்குள் இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். செறிவு குறைந்த கரைசல் பட்டால் சில மணி நேரம் கழித்தே வலி தெரியும். அதற்குள் சதை கெட்டிருக்கும். எனவே ஈரமாகவோ பசையாகவோ உள்ள எழுத்தை வெறுங்கையால் தொடவே கூடாது. தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, 2.5 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைத் தடவி, வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மேலோட்டமான கீறலையும் அரிப்பையும் மெருகேற்றிப் போக்கலாம். கரடான தேய்ப்புத் தட்டில் தொடங்கி, படிப்படியாக நைஸான தட்டுக்கு மாறி, கடைசியில் கம்பளித் தட்டில் சீரியம் ஆக்சைடு கூழைப் போட்டுத் தேய்ப்பது முறை. ஒவ்வொரு தட்டும் முந்தையது விட்ட கோடுகளை முழுதாக அழித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். சீரியம் ஆக்சைடு வெறுமனே உராய்வதில்லை. தண்ணீரோடு சேர்ந்து கண்ணாடிப் பரப்போடு வேதிவினையும் புரிகிறது. அதனால் கூழ் காயக்கூடாது. காய்ந்தால் ஓரிடத்தில் சூடு ஏறி கண்ணாடி வெடிக்கலாம். கீறலின் மேல் மட்டும் தேய்த்தால் குழி விழுந்து, அந்த இடம் லென்ஸ்போல் காட்சியை வளைக்கும். எனவே கீறலைச் சுற்றி அகலமாகத் தேய்த்துச் சரிவை நீட்ட வேண்டும். முடித்தபின் பக்கவாட்டில் நின்று, எதிரே உள்ள ஒரு நேர்க்கோட்டின் பிரதிபலிப்பைப் பார்த்தால் நெளிவு தெரிந்துவிடும்.

நகம் ஆழமாக மாட்டும் கீறல், வெளிப்பக்கம் பூச்சுள்ள பிரதிபலிப்புக் கண்ணாடி, வாகனத்தின் முன்கண்ணாடி ஆகியவற்றில் தேய்ப்பு வேண்டாம். பூச்சு போனால் திரும்பாது. ஓட்டுநரின் பார்வையில் நெளிவு விழுவது ஆபத்து. இவற்றுக்கு மாற்றுக் கண்ணாடி வேண்டும் என்று உரிமையாளரிடம் நேராகச் சொல்வதும் தொழில் நேர்மைதான்.

திரும்பத் திரும்பத் தாக்கப்படும் இடத்தில் காப்புப் பிலிம் பயன் தரும். நியூயார்க் ரயில் ஜன்னல்களிலும் இதையே ஒட்டினார்கள். தெளிவான பாலியெஸ்டர் தாளான இது கீறலையும் அமிலத்தையும் முதலில் தான் வாங்கிக்கொள்ளும். பாழானதை உரித்துவிட்டுப் புதியதை ஒட்டலாம். ஆழமான கீறல் தாளைக் கிழித்துக் கண்ணாடி வரை போகக்கூடும், நெடுநேரம் நிற்கும் அமிலமும் ஓரத்தின் வழியே உள்ளே இறங்கக்கூடும் என்பதால், சேதம் கண்டதும் உரிப்பது நல்லது. பிலிமைத் துடைக்க மென்மையான துணி, மிதமான சோப்புத் தண்ணீர், ரப்பர் வைப்பர் ஆகியவை போதும். ஸ்கிரேப்பரும் இரும்பு நாரும் அதைத் தொடக்கூடாது.