பிணையப் பாதுகாப்புக் கண்காணிப்பில் தரவுக் காட்சிப்படுத்தல்

பிணையப் பாதுகாப்புக் காட்சிப்படுத்தல் என்பது கணினிப் பிணையம் ஒன்றில் நிகழும் போக்குவரத்தின் பதிவுகளைப் புள்ளி, கோடு, நிறம் முதலியவற்றால் ஆன படமாக மாற்றி, தாக்குதல்களையும் வழமைக்கு மாறான நடத்தைகளையும் கண்டறிய உதவும் முறை ஆகும். இதற்கெனத் தனியான ஆய்வரங்கு, விஸ்செக் என்னும் பெயரில் 2004 இல் தொடங்கியது.

தேவை

பிணையத்தில் ஏற்படும் ஒவ்வோர் இணைப்பும் பதிவேட்டில் ஒரு வரியாகும். நேரம், அனுப்பும் கணினியின் ஐபி முகவரி, பெறும் கணினியின் ஐபி முகவரி, போர்ட் எண், பரிமாறிய தரவின் அளவு ஆகியன அவ்வரியில் இருக்கும். மின்னஞ்சல், வலைப்பக்கம் போன்ற ஒவ்வொரு சேவையும் கணினியில் தனக்கென ஓர் எண்ணுள்ள வாயிலில் காத்திருக்கும். அவ்வாயிலே போர்ட் எனப்படுகிறது. ஒரு பெரிய நிறுவனத்தில் ஒரு நாளில் சேரும் பதிவுகளை எவராலும் வரிவரியாகப் படிக்க இயலாது.

ஊடுருவல் கண்டறியும் மென்பொருள்கள் இவ்வேலையைத் தானியக்கமாகச் செய்கின்றன. ஆனால் அவற்றின் பொய் எச்சரிக்கைகள் பெருஞ்சிக்கல். எடுத்துக்காட்டாக, ஒரு நாளில் 10 இலட்சம் இணைப்புகள் வருகின்றன, அவற்றுள் 10 மட்டுமே தீயவை எனக் கொள்வோம். மென்பொருள் நல்ல இணைப்புகளுள் ஆயிரத்தில் ஒன்றை மட்டும் தவறாகத் தீயது என்று கூறினாலும், ஏறக்குறைய 1,000 பொய் எச்சரிக்கைகளுக்கு நடுவே அந்தப் 10 உண்மை எச்சரிக்கைகளைத் தேட வேண்டியிருக்கும். இக்கணக்கின் விளைவை ஸ்டெஃபான் ஆக்சல்சன் 1999 இல் விளக்கினார். மேலும், விதிகளின்படி இயங்கும் மென்பொருள் தன்னிடம் தேடச் சொன்னதையே தேடும். முன்பின் அறியாத ஒழுங்கையும் கண்டுகொள்வது மனிதக் கண்ணின் வலிமை.

சுழலும் கனசதுரம்

இதனை விளக்க மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் லாரன்சு பெர்க்லி தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் லாவ் உருவாக்கிய 'ஸ்பின்னிங் கியூப் ஆஃப் பொட்டென்ஷியல் டூம்' ஆகும். 'கேடு சூழக்கூடிய சுழலும் கனசதுரம்' எனப் பொருள்படும் இப்பெயர் வேடிக்கையாக இடப்பட்டதே. இது 2003 நவம்பரில் பீனிக்சு நகரில் நடந்த மீத்திறன் கணிமை மாநாட்டில் காட்டப்பட்டது. இணையத்தில் தீய போக்குவரத்து எந்த அளவு உள்ளது என்பதைப் பொதுவானவர்க்கும் உணர்த்துவதே அதன் நோக்கம். இதற்கான தரவை புரோ என்னும் மென்பொருள் வழங்கியது. வெர்ன் பாக்சன் உருவாக்கிய அம்மென்பொருள், 2018 இல் சீக் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

கனசதுரத்தின் ஓர் அச்சு உள்ளகப் பிணையத்தின் முகவரிகளைக் குறிக்கும். இரண்டாவது அச்சு இணையம் முழுவதன் முகவரிகளையும், செங்குத்து அச்சு 0 முதல் 65,535 வரையான போர்ட் எண்களையும் குறிக்கும். ஒவ்வொரு டிசிபி இணைப்பும் ஒரு புள்ளி. முழுமையடைந்த இணைப்புகள் வெண்புள்ளிகளாகவும், முழுமையடையாதவை நிறப்புள்ளிகளாகவும் தோன்றும். கதவைத் தட்டிப் பார்ப்பவனுக்குப் பெரும்பாலும் கதவு திறக்காது. ஆகையால் தேடியலைவோர் நிறப்புள்ளிகளாகவே வெளிப்படுகின்றனர்.

ஒருவர் ஒரே கணினியின் எல்லாப் போர்ட்களையும் சோதித்தால் முகவரிகள் இரண்டும் மாறுவதில்லை, போர்ட் எண் மட்டுமே மாறுகிறது. ஆகவே படத்தில் செங்குத்துக் கோடு எழும். ஒரே போர்ட்டைப் பல கணினிகளில் சோதித்தால் கிடைக்கோடு தோன்றும். தாக்குபவர் சிலர் கண்டறிதலைத் தவிர்க்க முகவரியையும் போர்ட்டையும் ஒருங்கே மாற்றிக்கொண்டு செல்வர். ஒரு கணினிக்கு இத்தனை முயற்சி, ஒரு போர்ட்டுக்கு இத்தனை முயற்சி என்று எண்ணும் விதிகள் இவர்களைத் தவறவிடலாம். படத்திலோ இம்முயற்சி சாய்ந்த வரிகளாகத் தெளிவாகத் தெரிந்தது. மேலைநாட்டு முடிதிருத்தகங்களின் வாயிலில் உள்ள வரிக்கம்பத்தைப் போல் இருந்ததால் அதற்கு அக்கம்பத்தின் பெயரே வழங்கலாயிற்று.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். கனசதுரம் டிசிபி இணைப்புகளை மட்டுமே காட்டியது. அதே ஆண்டு சனவரி 25 அன்று பரவிய ஸ்லாமர் புழுவோ யுடிபி நெறிமுறையின் 1434 ஆம் போர்ட் வழியாக, ஒவ்வொரு கணினியையும் ஒரே ஒரு பொதியால் தொற்றியது. அத்தகைய புழு இப்படத்தில் தோன்றாது. எதை அச்சாகக் கொள்வது, எதை விடுவது என்ற முடிவே படத்தின் எல்லையையும் முடிவு செய்கிறது.

ஸ்லாமர் இன்னொன்றையும் காட்டியது. தொடக்கத்தில் தொற்றிய கணினிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 8.5 வினாடிக்கு ஒருமுறை இருமடங்கானது. பத்து நிமிடங்களுக்குள் தாக்கத்தக்க கணினிகளுள் 90 விழுக்காடு வீழ்ந்தன. திரையைப் பார்த்து மனிதர் தடுக்கக்கூடிய வேகம் அன்று அது. நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ளவும், அடுத்த விதியை எழுதவும் படம் உதவும். உடனடித் தடுப்பு இயந்திரத்தின் வேலை.

பிற வடிவங்கள்

இலினாய் பல்கலைக்கழகத்தின் தேசிய மீத்திறன் கணிமை மையத்தில் உருவான என்விஷன்ஐபி, 65,536 முகவரிகளை 256க்கு 256 கட்டத்தில் அடுக்கிக் காட்டியது. அதில் ஐயத்திற்குரிய பகுதியைத் தெரிந்து படிப்படியாக ஒரு தனிக் கணினி வரை இறங்கலாம். முதலில் முழுமை, பின்பு வடிகட்டல், வேண்டும்போது விவரம் என்று பென் சினைடர்மன் 1996 இல் கூறிய ஒழுங்கே இதுவாகும். கணினிகளைக் கோடுகளால் இணைக்கும் வலையுருப் படங்களும் உண்டு. சில நூறு கணினிகளைத் தாண்டினால் அவை சிக்கலான நூற்கண்டாகிவிடுகின்றன.

குறைகள்

பார்ப்பவரையே தாக்கவும் முடியும். கிரெகரி கான்டி முதலியோர் 2005 இல் இதை ஆராய்ந்தனர். போலிப் பொதிகளைக் கொட்டித் திரையை நிரப்பினால் உண்மைத் தாக்குதல் அதனுள் மறைந்துவிடும். நாட்கணக்கில் மெதுவாகச் செய்யப்படும் தேடல், ஒரு மணி நேரப் படத்தில் தனிப்புள்ளியாகவே இருக்கும். உலகப் படத்தில் நாட்டுக்கு நாடு பாயும் ஒளிக்கோடுகள் வரவேற்பறைக்கு அழகு சேர்க்கலாம், ஆயினும் கண்காணிப்பவருக்கு அவற்றின் பயன் சிறிது. ஏனெனில் அங்கு தெரிவது கடைசியாகப் பயன்பட்ட கணினியின் இடமே, அதை இயக்கியவரின் இடம் அன்று.

ஐபி ஆறாம் பதிப்பு இன்னொரு சிக்கலைக் கொணர்ந்துள்ளது. நான்காம் பதிப்பின் முகவரிகள் ஏறக்குறைய 430 கோடி. அவற்றை ஓர் அச்சில் நெருக்கி அடக்கலாம். ஆறாம் பதிப்பில் ஒரு கிளைப்பிணையத்துக்கே வழக்கமாக 2 இன் 64 ஆம் அடுக்கு எண்ணிக்கையிலான முகவரிகள் உள்ளன. அத்தனையையும் வரிசையாகத் தட்டிப் பார்க்க எவருக்கும் நேரம் போதாது. எனவே தாக்குபவர்கள் பெயர்ப் பதிவுகள் போன்றவற்றிலிருந்து முகவரிகளைத் திரட்டித் தேர்ந்தெடுத்தே தட்டுகின்றனர். கனசதுரத்தில் பளிச்சென்று தெரிந்த கிடைக்கோடு அங்கு உருவாவதில்லை.