மூக்குத்தி அணிந்த வீராங்கனை

2005 ஜனவரி. சுனாமி எங்கள் வீட்டைக் கொண்டுபோய் நான்கு வாரங்கள் ஆகியிருந்தன. திருகோணமலையில் ஒரு பாடசாலை வகுப்பறையில் ஆறு குடும்பங்களோடு இருந்தோம். எனக்கு வயது பதினைந்து. நிவாரணச் சாமான் சுற்றிவந்த பத்திரிகைத் தாளில் ஒரு படம் கண்டேன். மூக்குத்தி அணிந்த ஒரு பிள்ளை டெனிஸ் மட்டையை ஓங்கியபடி நின்றாள். ஹைதராபாத்தைச் சேர்ந்த சானியா மிர்சா, வயது 18. அவுஸ்திரேலிய பகிரங்கப் போட்டியின் மூன்றாம் சுற்றில் செரீனா வில்லியம்ஸிடம் 1-6, 4-6 எனத் தோற்றிருந்தார்.

"தோத்த பிள்ளையின்ரை படத்தை ஏனம்மா இவ்வளவு பெரிசாப் போட்டிருக்கினம்?"

"அவ்வளவு தூரம் போனதே பெரிசுதானே" என்றார் அம்மா.

அந்த வருடம் முழுவதும் நான் அவரைப் பின்தொடர்ந்தேன். பெப்ரவரியில் சொந்த ஊரில் பட்டம் வென்றார். டபிள்யூ.ரி.ஏ. ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் அவரே. மார்ச்சில் டுபாயில், முந்தைய ஆண்டின் அமெரிக்க பகிரங்கச் சம்பியனான குஸ்நெட்சோவாவை வீழ்த்தினார். செப்டெம்பரில் அமெரிக்காவில் நான்காம் சுற்று வரை சென்று ஷரபோவாவிடம் தோற்றார். வருட முடிவில் உலகில் 31ஆம் இடம்.

டெனிஸ் வீராங்கனையின் வருடமும் எங்கள் மீனவக் குடும்பங்களின் வருடமும் ஏறக்குறைய ஒன்றுதான். தரவரிசைக்குக் கடந்த 52 வாரப் புள்ளிகள் மட்டுமே கணக்கு. போன வருடம் வென்றதை இந்த வருடமும் வென்றால்தான் இடம் நிற்கும். முதற் சுற்றிலேயே தோற்றால் கிடைப்பது சொற்பம், ஆனால் பயணச் செலவு அதேதான்! 1998இல் அவுஸ்திரேலியாவில் முதற் சுற்றை வென்று, பகிரங்க யுகத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் வென்ற முதல் இந்தியப் பெண்ணான கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதன், இந்தப் பாதையை அவருக்கு முன்னரே நடந்தவர். சானியாவுக்குத் தந்தையே பயிற்சியாளராகவும் நின்றார்.

அதே செப்டெம்பரில் சானியாவின் குட்டைப் பாவாடையைச் சில மதப் பெரியோர் கண்டித்தார்கள். கொல்கத்தாப் போட்டியில் அவருக்குப் பொலிஸ் பாதுகாப்புப் போட வேண்டியதாயிற்று. இது ஒரு மதத்தாரின் பேச்சென்று எண்ணிவிட வேண்டாம், வாசகியரே. எங்கள் கோயில் வீதியிலும் இதே பேச்சைக் கேட்கிறேன்.

இந்த வருடம் துறைமுகத்தை அண்டிய ஒரு கிராமத்தில், வலைப்பந்தாட்ட அணியிலிருந்து ஒரு பிள்ளை நின்றுவிட்டாள். வீட்டுக்குப் போனேன்.

"பிள்ளை பெரிய பிள்ளையாயிட்டாள் மிஸ். அரைக் காற்சட்டையோடை எப்பிடி விடுறது?"

முழுக் காற்சட்டை போடலாம் என்றேன். தாய் சிறிது நேரம் பேசவில்லை. பிறகுதான் உண்மை வந்தது. பயிற்சி முடிய ஆறரை மணி. கருவாட்டுக் கொட்டிலில் நிற்கும் தாயால் கூட்டிவர முடியாது, ஓட்டோவுக்குக் காசில்லை. இருட்டில் தனியே வந்தால் அயலார் வாய் சும்மா இராது. உடை என்பது சொல்லச் சுலபமான காரணம், அவ்வளவுதான். எங்கள் அலுவலகப் படிவத்திலும் 'கலாசாரத் தடை' என்றொரு கட்டம் இருக்கிறது. நானும் அதைப் பலமுறை அடையாளமிட்டிருக்கிறேன்.

பயிற்சி ஆசிரியையிடம் பேசி ஐந்து மணிக்கு முடிக்க வைத்தோம். அந்த வீதியின் மூன்று தாய்மார் முறைவைத்துப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறார்கள். கடந்த செவ்வாய் அந்தப் பிள்ளையும் வந்தாள், அண்ணனுடைய நீளக் காற்சட்டையைக் கணுக்காலில் மடித்துக்கொண்டு.