தொட்டிக்குள் கடல்: விலை கேட்கும் முன் ரசீது கேளுங்கள்

புலி எந்த அட்டவணையில் இருக்கிறதோ அதே அட்டவணையில்தான் கட்டைவிரல் அளவுள்ள ஒரு கடினப் பவளத் துண்டும் இருக்கிறது. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணை அது. புலித்தோலை வீட்டில் வைத்திருந்தால் ஜெயில் என்பது ஊருக்கே தெரியும். வரவேற்பறைத் தொட்டியில், நீல விளக்கின் கீழே மினுங்கும் பவளத்துக்கும் அதே தண்டனைதான் என்பது வாங்கியவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. விற்றவருக்குத் தெரியும். பல இடங்களில் ரசீது தராமல் மழுப்புவதற்குக் காரணமே அதுதான்.

கடல்நீர்த் தொட்டி வைப்பது குற்றமல்ல. உப்புக் கரைசல், வடிகட்டி, கோமாளி மீன், சுத்தம் செய்யும் இறால் என்று அழகாக வைக்கலாம். சிக்கல், தொட்டியைப் பவளம் வளரும் ‘ரீஃப் டேங்க்’ ஆக்க வேண்டும் என்ற ஆசையில் தொடங்குகிறது. 2001-இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கையின் மூலம் பல கடல் உயிர்களை முதல் அட்டவணையில் சேர்த்தது. பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், குழல் பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவை அதில் வந்தன. கடல்குதிரை, கடல் அட்டை, பெருஞ்சிப்பி வகைகள் சில என மற்ற உயிர்களும் சேர்ந்தன. பவளம் என்றால் குறிப்பிட்ட ஓரிரு இனங்கள் மட்டும்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, கடினப் பவளம் என்ற வரிசை முழுவதுமே பட்டியலில் இருக்கிறது.

2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. இதில் இரண்டு விஷயங்களை வாங்குபவர்கள் கவனிப்பதே இல்லை. ஒன்று, குறைந்தபட்ச சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட குற்றத்தைப் பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ள இந்தச் சட்டம் இடம் தரவில்லை. ‘ஃபைன் கட்டினால் போச்சு’ என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். இரண்டாவது, சட்டத்தின் 57-ஆம் பிரிவு. பொருள் உங்கள் வசம் இருந்தது என்று நிரூபணமானால், அதைச் சட்டவிரோதமாக வைத்திருந்தீர்கள் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. கடலில் மூழ்கி உடைத்தவர், பெட்டியில் அனுப்பியவர், விற்றவர் எல்லாரும் கைமாற்றிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கண்ணாடிக்குள் விளக்குப் போட்டுக் காட்சிக்கு வைத்திருப்பவர்தான் முதலில் மாட்டுவார். போதாக்குறைக்கு அவரே அதைப் படம் எடுத்து ஊருக்குக் காட்டியும் வைத்திருப்பார்.

‘இது உயிருள்ள பவளம் இல்லை, லைவ் ராக்’ என்பது அடுத்த சமாதானம். லைவ் ராக் என்று விற்கப்படுவது பெரும்பாலும் இறந்த பவளத்தின் எலும்புக்கூடுதான். அதன்மேல் பாக்டீரியாவும் பாசியும் சிற்றுயிர்களும் குடியேறியிருக்கும். பவளம் செத்துவிட்டதால் சட்டம் விட்டுவிடாது. மென்பவளங்கள் பலவற்றின் பெயர் பட்டியலில் இல்லை என்பது உண்மை. ஆனால் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவுக்குள்ளிருந்து அனுமதியில்லாமல் எந்த உயிரை எடுத்தாலும் குற்றம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகளைச் சுற்றி 1986-இல் அறிவிக்கப்பட்ட பூங்கா அது. ஒரு காலத்தில் தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புச் சூளைக்கும் கட்டட வேலைக்கும் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி தீவுகள் நீருக்குள் போய்விட்டன. வான் தீவு தேய்ந்து சிறுத்துவிட்டது. அலையைத் தடுக்கும் பார் இல்லாவிட்டால் தீவு என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை.

‘இந்தோனேசியாவிலிருந்து இறக்குமதி’ என்பது மூன்றாவது சமாதானம். அட்டவணையில் உள்ளூர்ப் பவளம், வெளிநாட்டுப் பவளம் என்ற பிரிவு கிடையாது. அதோடு, கடினப் பவளங்கள் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பிலும் இருக்கின்றன. எல்லை தாண்ட வேண்டுமானால் ஏற்றுமதி செய்யும் நாட்டின் சைட்டிஸ் அனுமதியும் இங்குள்ள சுங்க ஆவணங்களும் வேண்டும். விற்பவரிடம் அவற்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினாலும் அன்றே பணம் கொடுக்க வேண்டாம். நகல் வாங்கி, தலைமை வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, எழுத்தில் பதில் வந்தபிறகு முடிவு செய்யுங்கள். இத்தனை அலைச்சல் எதற்கு என்று தோன்றினால், கடினப் பவளமே வேண்டாம் என்று விடுவது உத்தமம்.

சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிருள்ள வெளிநாட்டு விலங்குகளை வைத்திருப்பவர்களுக்கு 2024 பிப்ரவரியில் தனி விதிகள் வந்தன. சைட்டிஸ் உயிர்களைப் பட்டியலிடும், சட்டத்தின் நான்காம் அட்டவணையில் உள்ள உயிர் ஒன்று கைக்கு வந்தால் 30 நாளுக்குள் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பிறகு அது இறந்தாலும், குஞ்சு பொரித்தாலும், இன்னொருவருக்குக் கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும்.

தெரியாமல் வாங்கிவிட்டால்? பாதுகாக்கப்பட்ட உயிரோ அதன் பாகமோ எந்த வழியில் கைக்கு வந்தாலும், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 39-ஆம் பிரிவு. கேட்டால் ஒப்படைத்துவிட வேண்டும். பரிசாக வந்தாலும், பழைய தொட்டியோடு சேர்ந்து வந்தாலும் இதுதான் வழி. அந்தக் கெடு தாண்டியிருந்தால் தொட்டியை உடைத்துக் குப்பையில் போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள். வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்து, அவர் மூலம் மாவட்ட வன அலுவலரை அணுகுங்கள்.

வனத்துறையினர் சோதனைக்கு வந்தால் தடுக்காதீர்கள். அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்கலாம். எடுத்துச் செல்லும் ஒவ்வொன்றும் மகஜரில் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், நகல் கேளுங்கள். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100.

சட்டத்துக்கு உட்பட்டு மீனோ கருவியோ வாங்கி ஏமாந்தவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. தொட்டி நீரைக் குளிர்விக்கும் சில்லர் ஒரு வாரத்தில் நின்றுபோனாலும், பண்ணையில் பொரித்த மீன் என்று சொல்லி நோயுள்ள மீனைத் தந்திருந்தாலும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. ரசீது இருந்தால் வழக்கு எளிது. பவளம் வாங்கி ஏமாந்தேன் என்று மனுப் போடுவது மட்டும் தன்மேல் தானே புகார் எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

உடம்புக்கு வரும் ஆபத்தைப் பற்றிக் கடையில் யாரும் வாய் திறப்பதில்லை. ‘ஸோவா’ என்று விற்கப்படும், பொத்தான் பொத்தானாக இருக்கும் உயிர்களில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அவை ஒட்டியுள்ள கல்லைச் சுத்தம் செய்ய வெந்நீர் ஊற்றுவதும் கொதிக்க வைப்பதும்தான் மிக ஆபத்தான வேலை. சூட்டில் இந்த நஞ்சு அழியாது, ஆவியோடு சேர்ந்து மூச்சில் ஏறும். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் 2018-இல் தொட்டியைச் சுத்தம் செய்த வீட்டில் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், வாயில் உலோகச் சுவை, கண் எரிச்சல் ஆகியவை அறிகுறிகள். மாற்று மருந்து கிடையாது. எனவே மருத்துவரிடம் போனதும் தொட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கல்லைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

கையில் சிராய்ப்போடு தொட்டியில் கைவிட்டால், மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி தோலில் கட்டி கட்டியாகக் கிளப்பும். மெதுவாக வளர்வதால் சாதாரணப் புண் என்று மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருப்பார்கள். இதற்கும் மருத்துவரிடம் மீன் தொட்டி வைத்திருப்பதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

உப்புநீர் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். தொட்டி இணைப்புக்கு, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடாமல் பம்ப்பை ஓட்டாதீர்கள். கம்பி, பிளக்கை விடத் தாழ்ந்து தொங்கி மேலே ஏறட்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். 300 லிட்டர் தொட்டி, நீரும் கல்லும் கண்ணாடியும் சேர்ந்து 400 கிலோவுக்குக் குறையாது. மாடி வீட்டில் வைப்பவர்கள் பொறியாளரைக் கேட்டுவிடுங்கள்.

அழகைத் துறக்க வேண்டியதில்லை. செயற்கைப் பீங்கான் கல்லில் நல்ல பாக்டீரியா குடியேற ஒன்றரை மாதம் பொறுத்தால் போதும். மீனைப் பொறுத்தவரை, பண்ணையில் பொரித்ததைக் கேட்டு வாங்குங்கள். பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் சயனைடு பீச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் பழக்கம் பவளத்தையும் சேர்த்துக் கொன்றிருக்கிறது. நம் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டிவிட்டன. கடலிலிருந்து பிடித்ததுதான் வேண்டும் என்று அடம்பிடிக்க இனிக் காரணமில்லை.

ஆர்வம் தீர்ந்துவிட்டால் மீனைக் கடலில் விடும் புண்ணியம் மட்டும் வேண்டாம். 1985-இல் ஃபுளோரிடாக் கரையில் முதலில் தென்பட்ட சிங்க மீன், தொட்டிகளிலிருந்து விடப்பட்டதாகவே கருதப்படுகிறது. இன்று கரீபியன் முழுக்க அது உள்ளூர் மீன்களைத் தின்று தீர்க்கிறது. மொனாக்கோக் கடலில் 1984-இல் சிறு திட்டாகக் காணப்பட்ட காலர்ப்பா பாசி, மத்தியதரைக் கடலின் அடித்தளத்தில் ஏராளமான பரப்பை மூடியது. மீனை ரசீதோடு இன்னொரு வளர்ப்பாளரிடம் கொடுங்கள், அல்லது வாங்கிய கடையிலேயே திருப்பித் தாருங்கள். தொட்டி நீரைக்கூட பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் வைத்திருந்து கழிவுநீர்க் குழாயில்தான் ஊற்ற வேண்டும். கழிமுகத்திலோ கடற்கரையிலோ அல்ல.