காற்றில் வரும் பொதிகளைக் கவர்தல்

கம்பியில்லா வலையமைப்பில் செய்தி ஒரே திரளாகச் செல்வதில்லை. சிறுசிறு பொதிகளாகப் பிரிந்து செல்கிறது. வலையமைப்பு பழுதுறுங்கால் அப்பொதிகளைக் கவர்ந்து ஆராயும் நிரலை நாமே எழுதிக்கொள்ளலாம். அந்நிரல் திறம்பட இயங்குமாறு எங்ஙனம் என்பதை ஈண்டுக் காண்போம்.

கணினியின் வைஃபை அட்டை தனக்குரிய பொதிகளை மட்டுமே ஏற்கும் இயல்பினது. அதனை 'மானிட்டர்' நிலைக்கு மாற்றின், அவ்வலைத்தடத்தில் தன் செவிக்கு எட்டும் அனைத்தையும் தரும். இடர்ப்பாடு இங்கேதான் தோன்றுகிறது. ஒவ்வொரு வைஃபை நிலையமும் தன் இருப்பை அறிவிக்கும் 'பீக்கன்' பொதியைப் பொதுவாக 102.4 மில்லி வினாடிக்கு ஒருமுறை விடுக்கிறது. ஒரே தடத்தில் 20 நிலையங்கள் இருப்பின், வினாடிக்கு ஏறத்தாழ 195 அறிவிப்புகள் வந்து குவியும். பயனர் தரவை மட்டும் ஆராய விழையும் நிரலுக்கு இவை பதரே.

பதரைக் களத்திலேயே தூற்றிவிட்டு நெல்லை மட்டும் வீடு சேர்ப்பவர் உழவர். ஸ்டீவன் மெக்கேன், வான் ஜேக்கப்சன் ஆகிய அமெரிக்க அறிஞர் இருவர் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட 'பிஎஸ்டி பாக்கெட் ஃபில்டர்' என்னும் முறையும் அத்தகையதே. வேண்டும் பொதி எது என்னும் விதியை நிரல், இயக்கமுறைமையின் கருப்பகுதியாகிய கெர்னலிடம் முன்னரே ஒப்படைத்துவிடுகிறது. விதிக்குப் பொருந்தும் பொதி மட்டுமே நிரலுக்குப் படியெடுத்துத் தரப்படுகிறது. பழைய வடிகட்டியினும் தம் வடிகட்டி 20 மடங்கு வரை விரைவானது என அவ்விருவரும் அளந்து காட்டினர். 'லிப்பீகேப்' என்னும் நிரலகத்தின் வழியாக இவ்வசதியை நாமும் எளிதில் பெறலாம்.

இன்னும் சில நெறிகள் உள. முகப்பை மட்டும் ஆராய்வோர் பொதி முழுவதையும் கொள்ளாது, தொடக்கப் பகுதியை மட்டும் கொள்ளுதல் போதும். பொதிகள் தங்கும் இடைநினைவகம் பெரிதாயிருத்தல் வேண்டும். கவரும் பகுதி கவர்தலை மட்டுமே செய்ய, ஆராய்தலையும் திரையில் காட்டுதலையும் வேறொரு பகுதி மேற்கொள்ளுதல் நன்று.

இடைநினைவகம் நிரம்பி வழியின், பொதிகள் சொல்லாமலே தொலையும். அவற்றின் எண்ணிக்கையை லிப்பீகேப் வழங்கும். எனினும் அட்டையின் செவிக்கே எட்டாதவை அக்கணக்கில் அடங்கா. நாம் கவராத பொதி, அனுப்பப்படாத பொதி ஆகாது. இவ்வேறுபாட்டை மறப்போர், தம் நிரலின் குறையை வலையமைப்பின் குறையாகத் தீர்ப்பளித்துவிடுவர்.

உள்ளடக்கம் மறையாக்கம் பெற்றிருப்பினும், யார் யாருக்கு விடுத்தார் என்பதைக் கருவி முகவரிகள் புலப்படுத்தும். ஆதலின் நமக்குரிய வலையமைப்பிலோ, உரியவர் இசைவு தந்த வலையமைப்பிலோ மட்டுமே இக்கலையைப் பயிலுதல் அறமாகும்.