பழவங்காடியில் ஒரு பாடம்: குடிபெயர்வை நடந்தே கற்கலாம்

திருவனந்தபுரம்: குடிபெயர்வு என்றால் என்ன என்பதை நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குப் புத்தகமின்றி விளக்க வேண்டுமானால், பழவங்காடியிலிருந்து தொடங்கலாம். இங்குள்ள கணபதியே இடம்பெயர்ந்து வந்தவர்தாம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியபோது, படைவீரர்கள் தாங்கள் வழிபட்ட சிலையை உடன் கொண்டுவந்தனர் என்கிறது கோயில் வரலாறு. இன்றும் கோயிலை நிர்வகிப்பது ராணுவமே.

சற்றுத் தொலைவில் சாலைக் கடைவீதி. அங்குத் தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாகக் கடை நடத்துகின்றனர். அரசு தமிழ்ப் பள்ளியும் உண்டு. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 10 நாள்கள் புத்தகப் பையின்றிக் கற்க, 2020 தேசியக் கல்விக் கொள்கை பரிந்துரைக்கிறது. அத்தகைய நாளில், 'உங்கள் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், கணக்கை எந்த மொழியில் எழுதினார்?' எனக் கடைக்காரரிடம் மாணவர்கள் கேட்டறியலாம்.

வங்காளம், ஒடிசா, அசாமிலிருந்து இன்று வருவோரைக் கேரளம் 'விருந்தினர் தொழிலாளர்' என்கிறது. கனிவான சொல்தான், ஆயினும் விருந்தினர் என்றால் திரும்பிச் செல்பவர் என்றும் பொருள்படும். மலையாளம் புரியாமல் வகுப்பில் பின்தங்கும் அவர்களின் பிள்ளைகளுக்காக, எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017-இல் 'ரோஷ்ணி' திட்டத்தைத் தொடங்கியது. தாய்மொழியின் வழியே மலையாளத்துக்கு அழைத்துச் செல்வது அதன் முறை.

கடைக்காரரிடம் கேட்ட கேள்விகளைப் பக்கத்து இருக்கை மாணவரிடமும் கேட்கலாம். ஆனால், குடும்பம் ஏன் ஊரை விட்டது என்று எந்தக் குழந்தையையும் வகுப்பின் நடுவே நிறுத்திக் கேட்கலாகாது. காரணம் கடனாகவோ வெள்ளமாகவோ இருக்கலாம். சொல்வதும் தவிர்ப்பதும் அக்குழந்தையின் விருப்பம்.